வாழைக்குருத்தும் மோரும்

இல்லைங்க, இப்ப எழுப்ப வேண்டாம். ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்துட்டு இப்பத்தான் கண்ண மூடினா. நீங்க வந்திருக்கீங்கன்னு நானே போய்ச் சொல்றேன், கொஞ்சம் பொறுத்து. இப்படி வாங்க, இந்த ரூம்ல உக்காரலாம். ஹால்ல பேசினா அவ படுத்திருக்கற எடத்துக்குக் கேக்கும். நாற்காலி ஒண்ணுதான் கெடக்கு, மத்த சாமானையெல்லாம் எடுத்து வெளிய போட்டுட்டோம். நீங்க உக்காருங்க, நான் ஜன்னல் கட்டையில உக்காந்துக்கறேன். பள்ளிக்கூடத்துல காலமெல்லாம் நின்னு பாடம் நடத்தினவ நான், உக்கார எடம்னு ஒண்ணு கெடைச்சா போதும்.

நாம முன்ன பின்ன பாத்ததில்ல. ஆனா நீங்க கேட்டைச் சாத்திட்டுத் திரும்பினீங்க பாருங்க, அந்தத் திரும்பல்லயே யசோதாவோட அம்மான்னு தெரிஞ்சு போச்சு. எப்படியா? அவ மாதிரி இல்லைங்க நீங்க. அவ அவங்கப்பா ஜாடைன்னு அவளே சொல்வா, நெத்தி, தாடை, பிடிவாதம் எல்லாம். நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்னு அப்புறம் சொல்றேன்.

சம்பந்தின்னு கூப்பிடலாமா உங்கள? சரிங்கறீங்களா, வேண்டாங்கறீங்களா, தெரியல. இருக்கட்டும். நீங்கன்னே சொல்லிட்டுப் போறேன்.

தண்ணி... தெரியும், தெரியும். அதுக்குத்தான் தட்டுல ஆரஞ்சு வெச்சேன். தோல் உரிச்சுச் சாப்புடற பழத்துக்குத் தோஷம் கெடையாதாமே. என் பையன் சீலனக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல யசோதா எனக்குப் பாடம் நடத்தினா. எது ஆகும், எது ஆகாது, எத யாரு தொட்டா யாரு சாப்புட மாட்டாங்க. வாத்தியாரம்மாவுக்கே வகுப்பு. எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, எனக்கு இனிமே இதெல்லாம் கெடையாது அத்தை, எங்கம்மா வர்றப்ப உங்களுக்கு உதவுமேன்னு சொன்னேன்னா. அன்னிலேர்ந்து இந்த வீட்டுல ஆரஞ்சோ வாழப்பழமோ தட்டுல இல்லாத நாளே கெடையாது. நானும் சீலனுமாத் தின்னு தீத்தோம். மூணு வருஷம்.

குத்திக் காட்டலைங்க. ஐயோ, அப்படி எடுத்துக்காதீங்க. நீங்க படியேறி வந்தீங்களே, அது போதும்.

அந்தப் பைய மடியிலயே வெச்சிருக்கீங்களே, கீழ வைக்கலாமே. வேண்டாமா? சரி. ஒடையற சாமான் போல. நீங்க அசைஞ்சா சத்தம் கேக்குது. வேப்பில வாசனை கூட வருது.

மல்லிப்பூ வாசனையா? ஆமாங்க. வீட்டுல மல்லி இருக்கு. இல்ல, விசேஷம் ஒண்ணும் இல்ல. அது கெடக்கட்டும், நீங்க செவுத்தப் பாருங்க. எதுத்தாப்புல.

ரெண்டு பட்டை அடிச்சிருக்கு, தெரியுதா? இடது பக்கம் பச்சை, வலது பக்கம் மஞ்சள். பச்சைன்னு சொன்னாத்தான் பச்சை, மஞ்சள்னு சொன்னாத்தான் மஞ்சள், அவ்வளவு வெளிர். கடைக்காரன் ரெண்டுக்கும் ஏதோ இங்கிலீஷ் பேரு வெச்சிருந்தான். யசோதா வெச்ச பேருதான் வீட்டுல நெலச்சுது. பச்சைக்குப் பேரு வாழக்குருத்து. மஞ்சளுக்குப் பேரு மோர். மோர்ல ஒரு துளி மஞ்சப்பொடி விழுந்து கலங்கின மாதிரி இருக்காம். உங்க வீட்டுல கோடைக்கு மோர் தாளிப்பீங்களாமே, பெருங்காயமும் மஞ்சப்பொடியும் போட்டு? அந்த மோராம். எனக்கு அந்த மோர் தெரியாது. செவுத்துலதான் பாத்தேன்.

டிஸ்டெம்பர்ங்க. சுண்ணாம்பு அடிச்சா சாஞ்சவங்க முதுகெல்லாம் வெள்ளையாகும், குழந்த தவழற எடத்துக்கு அது வேண்டாம்னு சீலன்தான் வாங்கிட்டு வந்தான். முன்ன இந்த ரூம்ல ஒரு சட்டைக்காரக் கெழவி, ஆங்கிலோ இந்தியன், இருந்தா. ஆஸ்திரேலியாவுக்குப் போன மகன் கூப்பிட்டு விட்டான்னு பியானோவ வித்துட்டுப் போயிட்டா. அவ அடிச்ச நீலம் இன்னும் மேல மூலையில தெரியுது பாருங்க.

ஆமா, குழந்தைக்குத்தான் இந்த ரூம். உங்களுக்குத் தெரிஞ்சுதானே வந்தீங்க. யாரு சொன்னா? பாஞ்சாலியா? பூக்காரி பாஞ்சாலி? அவ உங்க மல்லேஸ்வரத்துக்குமா வர்றா! அவளுக்குக் காலா, சக்கரமா. எப்பச் சொன்னா?

போன மாசம்.

அதுக்கப்புறம் அவள நீங்க பாக்கலியா? தருமபுரிக்கா போயிருக்கா? ஓ. அதான் இந்தத் தெருவுக்கும் வரல. நான் வேற கூடைக்காரிகிட்டத்தான் பூ வாங்கிக்கிட்டிருக்கேன். சரி. போன மாசம் சொன்னதோட சரியா. வேற யாரும் எதுவும் வந்து சொல்லல. வீட்டுலயும் யாரும்... சரி. சரிங்க.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? செவுரு.

இது ஒரு பெரிய கதைங்க. நான்தான் மொதல்ல ஆரம்பிச்சேன். எங்க வீடுகள்ல குழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே சட்டை தெச்சு, சாக்ஸ் பின்னி, எல்லாத்தையும் அடுக்கி வெப்போம். இந்தக் குளிர் ஊர்ல வேற என்ன பண்றது. ஒரு நாள் மடியில கம்பளி நூலோட உக்காந்திருந்தேன். யசோதா ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தா. மொகம் அப்படியே சுண்டிப் போச்சு. அத்தை, எங்காத்துல பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு துணி கூட வாங்க மாட்டான்னா. கோவமாச் சொல்லல, பயந்துட்டா. நான் பின்னினதையும் நூலையும் அப்படியே சுருட்டி டிரங்குப் பெட்டியில வெச்சுட்டேன். எனக்குப் புது வழக்கம்தான். ஆனா வயித்துல இருக்கறது அவ புள்ள, அவ சொல்றதுதான் சட்டம்.

சீலன் விடல. துணி வேண்டாம், தொட்டில் வேண்டாம், செவுரு என்ன குழந்தைக்கா, வீட்டுக்குத்தானேன்னு வாதாடினான். வரைபட ஆபீஸ்ல வேல பாக்கறவன், கோடு போட்டுத்தான் பேசுவான். அவ யோசிச்சா. கடைசியில ஒரு ராஜி. செவுரு பூரா அடிக்கறது குழந்த பொறந்தப்புறம். இப்போதைக்கு ரெண்டே ரெண்டு பட்டை, கலர் தீர்மானம் பண்ண மட்டும். ஆஸ்டின் டவுன்லேர்ந்து கோவிந்தன்னு ஒரு ஆளு வந்து அடிச்சுட்டுப் போனான்.

அடிச்சவொடனே பாத்தா நாங்க மெரண்டுட்டோம். ஈரத்துல அந்தப் பச்சை, பாசி புடிச்ச கொளம் மாதிரி இருந்துச்சு. மஞ்சள், கல்யாண வீட்டுக் கூட்டு மாதிரி. சீலன் கோவிந்தனப் புடிச்சுக்கிட்டான், என்னய்யா இப்படி மோசம் பண்ணிட்டேன்னு. அவன் பிரஷ்ஷக் கழுவிக்கிட்டே, காயட்டும் சாமி, காஞ்சா இது வேற கலருன்னான். அந்த வாரம் பூரா மழ. செவுரு காயவே இல்ல. தெனம் ஆபீஸ்லேர்ந்து வந்தவொடனே செருப்பக் கூடக் கழட்டாம யசோதா இங்க வந்து நிப்பா, கைய வெச்சுப் பாப்பா. அத்தை, இன்னிக்கு ஒரு பிடி வெளுத்திருக்குன்னுவா. கலர் போகப் போக அவ மொகத்துல கலர் வந்துச்சு. நான் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், செவுத்த இல்ல.

காஞ்சு முடிஞ்சப்ப இந்த மாதிரி ஆயிடுச்சு. மூச்சு விட்டா கலைஞ்சுடும் போல.

அப்புறம் சண்ட. சீலனுக்கு வாழக்குருத்துதான் வேணும். கண்ணுக்குக் குளிர்ச்சி, காலைல ஜன்னல் வழியா சீத்தாப்பழ மரத்து வெளிச்சம் விழறப்ப மரமே உள்ள வந்த மாதிரி இருக்கும்னான். யசோதா, காலைல நீங்க ஆபீசுக்குக் கெளம்பற அவசரத்துல எந்த மரத்தப் பாக்கப் போறீங்க, சாயந்தரம் பாருங்கோ, பச்சை செத்துப் போயிடும், மோர்தான் நிக்கும்னா. நெசந்தாங்க. காலைல பாத்தா அவன் ஜெயிப்பான், சாயந்தரம் பாத்தா அவ ஜெயிப்பா. என்னக் கேட்டாங்க. நான் எதச் சொன்னாலும் ஒருத்தர் மொகம் வாடும். எனக்குக் கண்ணாடி மாத்தணும், கலரே தெரியலன்னு தப்பிச்சேன்.

அப்புறம் அவளே ஒரு நாள் மோர் வேண்டாம்னா. ஏண்டின்னா, குழந்தைக்குக் காமாலை வந்தா மஞ்சச் செவுத்துல தெரியாது அத்தை, எங்கம்மா சொல்வா, பொறந்த குழந்தைய வெள்ளத் துணியில போட்டு வாசல் வெளிச்சத்துல பாக்கணும்னு. நீங்க சொல்வீங்களா அப்படி? அவ தம்பிக்கு வந்துச்சா. ம். அத ஞாபகம் வெச்சுக்கிட்டிருக்கா. சரி, அப்ப வாழக்குருத்துன்னு முடிவான்னான் சீலன். அதுவும் இல்லன்னா. பச்சை பட்ட வெளிச்சத்துல குழந்த மொகம் வெளிறித் தெரியுமாம், பாக்கறவா எல்லாம் ஒடம்பு சரியில்லியான்னு கேப்பாளாம்.

அப்ப என்னதான் பண்றதுன்னு அவன் தலையில கைய வெச்சுக்கிட்டான். அவ சிரிச்சா. எங்கம்மா வந்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவா. புடவக் கடையில ரெண்டு புடவைய ரெண்டு தோள்ல போட்டுண்டு விடுவிடுன்னு தெருவுக்கு வந்துடுவா, கடைக்காரன் பின்னாலயே ஓடி வருவான், தெரு வெளிச்சத்துல ஒரு தரம் பாப்பா, இதுன்னுடுவா. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தப்புறம் மாத்தினதே கெடையாது. அப்படின்னா.

சிரிக்கறீங்க. நெசம்தானா? கடைக்காரன் ஓடி வந்தானா?

அன்னியோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. கோவிந்தன் ரெண்டு தரம் வந்து கேட்டான், எந்தக் கலரும்மான்னு. அம்மா இன்னும் பாக்கலைன்னு யசோதா சொன்னா. அவன் என்னப் பாத்து, நீங்க பாக்கலியாம்மான்னான். நான் இல்லப்பா, இது வேற அம்மான்னு சொல்லி அனுப்பிச்சேன்.

பாருங்க, கிட்டப் போய்ப் பாருங்க. தொடலாம், காஞ்சு எத்தனையோ நாளாச்சு. கையில ஒட்டாது. ஜன்னல் கதவ இன்னும் தெறக்கணுமா? இருங்க. இந்தக் கொக்கி கொஞ்சம் பேஜார். ம், இப்பப் பாருங்க. பைய அந்த நாற்காலியில வெச்சுட்டுத்தான் போங்களேன், நான் பாத்துக்கறேன்.

வளையலா? எனக்கு அப்பவே தெரியுங்க. சத்தத்துலயே தெரிஞ்சுது. காட்டுங்க. கருப்பு, பச்சை, சேப்பு. கருப்புதான் மொதல்ல போடணுமா. இது என்ன, வேப்ப ஈர்க்க வளைச்சுக் கட்டியிருக்கீங்க. இதையும் கையிலயா போடுவீங்க? உங்க கையாலயே கட்டினதா. எல இன்னும் வாடல. காலைலதான் பறிச்சிருக்கீங்க.

எங்க பக்கத்துலயும் சில வீடுகள்ல வளையல் போடுவாங்க. அஞ்சாம் மாசம் முடிஞ்சப்பவே யசோதாகிட்டக் கேட்டேன், நான் வாங்கிப் போடட்டுமாடின்னு. இது அம்மா வீட்டுலேர்ந்துதான் வரணும் அத்தைன்னா. வராட்டா? வராட்டா வேண்டாம்னா. அப்புறம் அந்தப் பேச்ச நான் எடுக்கல. இவ்வளவு சின்ன அளவு அவ கைக்குப் போகுமா? கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட அளவா. கை கொஞ்சம் பூசினாப்புல இருந்துச்சுங்க, இப்ப மறுபடி எளச்சுட்டா. போகும்.

அந்தத் தூக்குப் பாத்திரத்துல என்ன? புளியோதரை, எலுமிச்சம்பழ சாதம், தேங்கா சாதம். ஒத்தையா உக்காந்து இத்தனையும் பண்ணீங்களா. அவருக்குத் தெரியாமயா? எப்படி? தங்கச்சி வீட்டுல சுமங்கலிகளுக்குச் சாப்பாடுன்னு சொன்னீங்களா. அவரு நம்பினாரா? ஒண்ணும் கேக்கலியா. தூக்கைப் பாத்தாரு, ஒண்ணும் கேக்காம எழுந்து போய் ஜட்கா கூட்டிட்டு வந்தாரா? அவரேவா? கன்டோன்மென்ட் வரைக்கும் போன்னு வண்டிக்காரன்கிட்ட அவரே சொன்னாரா.

உங்க தங்கச்சி வீடு எங்க? பசவனகுடியில. அது இந்தக் கன்டோன்மென்ட்டுக்கு நேர் எதிர்ப் பக்கமாச்சே.

ம்.

இருங்க. உக்காருங்க. ஒரு நிமிஷம் உக்காருங்க. உள்ள போகலாம், உங்கள நான் தடுக்கல, அவ உங்க பொண்ணு. அதுக்கு முன்னாடி... பச்சையா, மோரா? ஒண்ணும் சொல்லலியே நீங்க.

மறுபடி மல்லியக் கேக்கறீங்க. இவ்வளவு வாசனை எதுக்குன்னு. கேப்பீங்கன்னு தெரியும். பொம்பளைக்குத் தெரியாதா. நானே மொழம் மொழமா வாங்கிக்கிட்டிருக்கேன், காலைல ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம்.

தலைக்கு இல்லைங்க.

ஆமா. மார்ல வெச்சுக் கட்டறதுக்கு. பால் வத்தறதுக்கு.

உக்காருங்க. செவுத்தப் புடிச்சுக்கோங்க. பரவால்ல, அதுமேலயே சாஞ்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்.

போன வியாழக்கிழம. மாசம் ஆகல, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். பொண்ணு. அழுதுச்சுங்க, கொஞ்சம். விடியறதுக்குள்ள போயிடுச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல, டாக்டரம்மா பக்கத்துலயேதான் நின்னாங்க. நம்ம கைக்குக் குடுத்து வெக்கல. ஆயர் வந்து ஜெபம் பண்ணாரு. சீலன் ஒரு துண்டுல சுத்தி நெஞ்சோட வெச்சுக்கிட்டுப் போனான், பொட்டி வேண்டாம்னுட்டான். நான் பின்னின ஒண்ணும் போடல. அவ சொல்லியிருந்தாளே. டிரங்குப் பெட்டியிலயே இருக்கு.

நேத்துத்தான் இவள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். ஜுரம். பால் கட்டிக்கிட்டுக் கல்லாட்டம் இருக்கு. எனக்கு ஒரே புள்ள, அதுவும் முப்பது வருஷத்துக்கு முந்தி, எனக்கு என்ன தெரியும். பக்கத்து வீட்டுல சொன்னாங்க, மல்லி வெச்சுக் கட்டுங்கன்னு. கட்டறேன். அவ கையத் தூக்கிக் குடுக்கறா, கட்டிக்கறா. அழ மாட்டேங்கறா. பேச மாட்டேங்கறா.

இல்லைங்க. சொல்லாம இல்ல. சொன்னோம். வெள்ளிக்கிழம காலைல, கல்லறத் தோட்டத்துலேர்ந்து நேரா சீலன் உங்க வீட்டுக்குத்தான் வந்தான். மண்ணு ஒட்டின கையோட. உங்க வீட்டுக்காரர் செடிகிட்ட பூப்பறிச்சுக்கிட்டிருந்தாராம். கேட்டைத் தெறக்கல. ஆனா போன்னும் சொல்லல, நின்னு கேட்டாராம். கையில இருந்த பூக்கூடை சாஞ்சு பூவெல்லாம் கொட்டுச்சாம், குனியல. சரின்னாராம். அவ்வளவுதான். உள்ள போயிட்டாராம்.

நாலஞ்சு நாளா உங்கள நான் மனசுக்குள்ள திட்டாத திட்டு இல்ல. தெரிஞ்சும் வராம இருக்காளே, கல்லா இவன்னு. இன்னிக்கு நீங்க வளையல் சத்தத்தோட படி ஏறுறீங்க. அப்பத்தான் புரிஞ்சுது, உங்ககிட்ட யாரும் சொல்லலன்னு.

வேண்டாம். அவரத் திட்டாதீங்க. அவருக்கு வாய் வந்திருக்காதுங்க. எனக்கு வந்துச்சா, பாருங்க. பாடம் நடத்தியே பொழச்சவ, நீங்க வந்ததுலேர்ந்து பச்சை, மஞ்சள்னு செவுத்தப் பத்திப் பேசிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

என்ன சொல்றீங்க? எப்ப? வெள்ளிக்கிழமையா? அன்னிக்குக் காலைலயே குளிச்சு முடிச்சவரா? பூக்கூடைய அப்படியே போட்டுட்டுக் கெணத்தடிக்குப் போய், கட்டின வேட்டியோட தலையில தண்ணிய ஊத்திக்கிட்டாரா. நீங்க கேட்டதுக்குக் காக்கா எச்சம் பட்டுடுச்சுன்னாரா.

ஐயோ.

யசோதாவும் சீலனும் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ஒரு தரம் முழுகினாராமே. எனக்குப் பொண்ணே இல்லன்னு. அது அவ காதுக்கு வந்துச்சு, யாரோ மெனக்கெட்டுக் கொண்டாந்து சொன்னாங்க. அன்னிக்கு அவ அழுதது எனக்குத் தெரியும். பொண்ணே இல்லன்னு முழுகினவரு, பேத்திக்கு எதுக்குங்க முழுகணும்? இல்லாத பொண்ணோட குழந்தைக்கு என்ன தீட்டு?

இத அவகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லுங்க. இன்னிக்கே வேண்டாம்னா அப்புறமாச் சொல்லுங்க. ஆனா சொல்லிடுங்க. ஜட்காவும் அவருதான் கூட்டிட்டு வந்தாருன்னு சொல்லுங்க.

இந்தாங்க, தொடச்சுக்கோங்க. என் முந்தானைதான், பரவால்லியா.

கேட் பக்கத்துல எப்படி அடையாளம் கண்டேன்னு கேட்டீங்களே. காது. உங்க காது மடல் கீழ கன்னத்தோட ஒட்டியிருக்கு பாருங்க, தொங்காம. அந்தக் குழந்தைக்கு அப்படித்தான் இருந்துச்சு. ராத்திரி பூரா மடியில வெச்சுக்கிட்டு நான் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், இது யாரு காது, எங்க பக்கத்துலயும் இல்ல, யசோதாவுக்கும் இல்லியே, யாரு காதுன்னு.

சத்தம் கேக்குதா? கட்டில்தான். எழுந்துட்டா போல.

பைய இங்கயே வெச்சுட்டுப் போங்க. இல்ல, உங்க இஷ்டம். இந்த மாதிரி சமயத்துல வளையல என்ன பண்ணுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாது, அது உங்க வழக்கம். உங்களுக்குத் தோணறதப் பண்ணுங்க.

ஒண்ணே ஒண்ணு. குழந்தையப் பத்தி நீங்களா எதுவும் கேக்காதீங்க. நேத்து வீட்டுக்கு வந்ததும் சீலன் இந்த ரூமுக்கு வந்து பாத்துட்டு, கோவிந்தன வரச்சொல்லி எல்லாத்து மேலயும் வெள்ளையடிச்சுடறேன்மான்னு என்கிட்ட மெதுவாத்தான் சொன்னான். படுத்திருந்தவளுக்கு எப்படிக் கேட்டுதோ. செவுத்தப் புடிச்சுக்கிட்டு எழுந்து வந்து வாசல்ல நின்னா. அழிக்க வேண்டாம், அம்மா இன்னும் பாக்கலன்னா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் அவ வாய் தெறந்து பேசினது அது ஒண்ணுதான்.

அதனால நீங்க பாத்துட்டேன்னு மட்டும் சொல்லுங்க. எந்தக் கலர்டி உனக்குன்னு கேளுங்க. கையப் புடிச்சு மெதுவா இங்க கூட்டிட்டு வாங்க, நான் ஜன்னலத் தெறந்தே வெக்கறேன். கொஞ்சம் சீக்கிரம் வாங்க. வெளிச்சம் எறங்குது. விளக்கப் போட்டுட்டா இந்த ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.